வஜீர்பூர் எவர்சில்வர்

எங்கள் வீட்டுச் சொம்பின் விளிம்பில் அம்மாவின் பெயரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அந்தப் பழக்க தோஷம்தான். தில்லி சாகேத் மாலில் கலைஞர் சுபோத் குப்தாவின் ‘லைன் ஆஃப் கன்ட்ரோல்’ சிற்பத்தின் முன்னால் நின்றபோதும் என் கண் முதலில் பெயரைத்தான் தேடியது. பத்து மீட்டர் உயரத்துக்கு அணுகுண்டுப் புகை காளானாக விரிந்து நிற்கிறது. அத்தனையும் சமையல் பாத்திரம். 26 டன் என்கிறார்கள். ஒன்றில்கூடப் பெயர் இல்லை.

2008-ல் செய்தது. மறு ஆண்டு லண்டன் டேட் பிரிட்டனில் வைத்தார்கள். பிறகு கிரண் நாடார் அருங்காட்சியகத்தார் சாகேத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெயரில் இருப்பது இந்திய-பாகிஸ்தான் எல்லைக்கோடு. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அணுகுண்டு இருக்கிறது. அடுக்களையில் இருப்பதும் இதே தட்டும் குண்டானும்தான். எனக்கு அப்படித்தான் பட்டது.

குப்தா 1964-ல் பாட்னாவை அடுத்த ககௌலில் பிறந்தவர். ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளை. பாட்னா கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டுத் தில்லிக்கு வந்தார். 1996-ல் உட்காரும் மணைப்பலகைகளை வைத்து ‘29 மார்னிங்ஸ்’ செய்தார். அடுத்த வருஷம் வறட்டியை அடுக்கி ஓர் அறையே கட்டினார். எவர்சில்வர் அதற்குப் பிறகு வந்தது. பேரும் அதில்தான் வந்தது.

இந்தப் பாத்திரமெல்லாம் எப்படி உருவாகிறது என்று பார்க்க மறுநாள் வஜீர்பூர் போனேன். தில்லியின் வடமேற்கில் இருக்கும் தொழிற்பேட்டை. சந்துக்குச் சந்து எவர்சில்வர் வேலை. சாக்கடையில் ஓடுவது அமிலம் கலந்த தண்ணீர். நின்றால் மூக்கு எரிகிறது. முதலில் ‘கரம் ரோலா’. உலையில் பழுக்கக் காய்ச்சிய பட்டையை இடுக்கியால் பிடித்து உருளைக்குள் தள்ளுகிறார்கள். மறுபக்கம் நிற்பவர் பிடித்துத் திருப்பி அனுப்புகிறார். அரை மணி நேர வேலை, அரை மணி நேர ஓய்வு என்று ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் உடம்பு தாங்காது. 2014 ஜூனில் இந்தத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் குறைந்தபட்சக் கூலியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் கேட்டார்கள்.

அமிலத்தொட்டி, குளிர் உருளை, வட்டம் வெட்டுவது, பிரஸ் எல்லாவற்றையும் நடந்தபடியே பார்த்தேன். பாலிஷ் பட்டறையில்தான் உட்கார்ந்தேன்.

மோட்டாரின் இரு முனையிலும் சக்கரம் சுழல்கிறது. முன்னால் ஒருவர், கண் மட்டும் தெரியும்படி முகத்தைத் துணியால் சுற்றியிருக்கிறார். தொடைமேல் மடித்த சாக்கு. அதில் முட்டுக்கொடுத்துத் தட்டைச் சக்கரத்தில் அழுத்துகிறார். எமரிச் சக்கரத்தில் கறுப்புத் தூசி பீய்ச்சி அடிக்கிறது. பிறகு துணிச் சக்கரம். அதில் ஒரு பச்சைக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி அழுத்துகிறார். சாம்பல் நிறத் தகடு நடுவிலிருந்து தெளிந்துகொண்டே வருகிறது. அதில் முதலில் தெரிந்த முகம் அவருடையது. ஒரு நொடிதான். சூடு ஏறிய தட்டை அப்படியே அடுக்கில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

டீ வந்ததும் முகத்துணியை இறக்கினார். பீகார்க்காரர்தான். கைபேசியில் காளான் படத்தைக் காட்டினேன். கறுத்த விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

“இவ்வளவையும் எப்படிக் கழுவுவாங்க தீதி?”

எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. செய்தவர் உங்கள் ஊர்ப்பக்கம்தான், பையா, என்றேன். சிரித்தார். “இதுல எங்க சரக்கும் இருக்குமா?”

“தெரியலையே. எதுலயும் பேர் இல்ல.”

“தட்டுல நாங்க எங்க பேர் போடறது?” என்று துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு சக்கரத்துக்குப் போனார். கைபேசித் திரையில் அவர் விரல் பட்ட இடத்தில் கறுப்பு ஒட்டியிருந்தது.

கலைஞன் தன் கையால் தட்டுச் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1917-ல் மார்செல் துஷாம் கடையில் வாங்கிய சிறுநீர்த் தொட்டியைக் கண்காட்சிக்கு அனுப்பியதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. குப்தாவின் காளான் எனக்குப் பிடித்தும் இருக்கிறது. என் மனத்தாங்கல் விமர்சகர்கள்மீது. ‘அன்றாடப் பொருள்’ என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, யாருடைய அன்றாடம் அது? சாப்பிடுகிறவனுடையது மட்டும்தான். அதே தட்டைச் சக்கரத்தில் அழுத்திக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவனுடைய அன்றாடம் கணக்கில் வருவதில்லை. நானும் இத்தனை நாள் அப்படித்தான் எழுதிவந்தேன்.

தில்லிக்குப் போகிறவர்கள் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி வஜீர்பூருக்கும் போய்வாருங்கள். நேதாஜி சுபாஷ் பிளேஸ் மெட்ரோவில் இறங்கினால் பக்கம். மூக்கைக் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டை எடுத்துப்போங்கள், வெள்ளையாக வேண்டாம்.