மலைச்சாலையும் மிதிவண்டியும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு மிதிவண்டியில் ஏறுவோர்க்கு முதலில் வாய்ப்பது காட்டின் நிழல். லத்தா இஸ்கந்தார் அருவியின் இரைச்சல் பின்னே தேய, வளைவுக்குப் பின் வளைவாகச் சாலை நீள்கிறது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கடந்தால், 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தானா ராத்தா. அப்பெயர்க்குச் சமநிலம் என்பது பொருள்; பெயரிட்டவர் மிகக் களைத்தே வந்து சேர்ந்திருக்க வேண்டும்!

ரிங்லெட்டைத் தாண்டியதும் காடு விலகித் தேயிலை விரிகிறது. 1929இல் ரஸ்ஸல் என்பார் தொடங்கிய போ தோட்டத்தின் சரிவுகளைக் காடழித்துத் திருத்தியவர்களுள் தமிழர் பலர். 1996இல் தோன்றிய லங்காவி மிதிவண்டிப் பந்தயம் சில ஆண்டுகளில் இம்மலை ஏறியபோது, வீரர்தம் மூச்சிரைப்பைப் பல நாட்டாரும் தொலைக்காட்சியில் கண்டனர். கொழுந்துக் கூடை சுமந்து நாள்தோறும் சரிவேறிய கால்களுக்கு நேரங்குறிப்பார் எவருமிலர். அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். இன்று கொழுந்தெடுப்போருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் உளர்.

உண்மையில் ஏற்றத்தினும் இறக்கமே அஞ்சத்தக்கது. மூடுபனி, ஈரச்சாலை, எதிரே காய்கறி ஏற்றிய லாரி. பிரேக்கை விடாது பிடித்தால் சக்கர விளிம்பு சுடும். பழகியவர் வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்து, விட்டுவிட்டு அழுத்தி இறங்குவர்.