காலுக்குத் தெரிந்த சேறு

ஆற்றில் இறங்கும்போது செருப்பைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் ஆயா எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் அதுதான். "செருப்பு போட்டுக்கினா இறா எங்க கீதுன்னு கால் எப்பிடிடா சொல்லும்?" என்பாள்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடம். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து ஆயாவும் இன்னும் ஐந்தாறு பெண்களும் ஆற்றில் குந்தியபடியே நகர்வார்கள். வெளியே தலை மட்டும் தெரியும். வாயில் பனையோலைப் பறி. அதைப் பல்லால் கவ்வியிருப்பதால் ஊர்வம்பெல்லாம் மூக்காலேயே நடக்கும். எப்படித்தான் ஒருத்திக்கொருத்தி புரிந்ததோ!

பகலில் இறால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். ஆயாவின் பெருவிரல் மெதுவாகத் துழாவும். எங்கே சேறு லேசாகத் துடிக்கிறதோ, அங்கே இரண்டு கையும் கிண்ணம்போலக் கவிழும். அடுத்த நொடி பறிக்குள் ஒரு படபடப்பு. வெள்ளை இறால், அதிர்ஷ்டம் இருந்தால் கருவண்டு இறால். மணல் பாங்கான பக்கம் போனால் கிழங்கான் காலடியில் நழுவும். அந்தச் சேறு வெண்ணெய் மாதிரி கணுக்கால்வரை வாங்கும். எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிடும். ஒருமுறை கெளுத்தி முள் குத்தி ஊரைக் கூட்டினேன். அன்று இரவு குழம்பில் எனக்கு மட்டும் இரண்டு துண்டு மடவை கூடுதல்.

பிறகு அனல்மின் நிலையங்களின் சாம்பல் வந்தது, சுடுதண்ணீர் வந்தது. ஆயா பறியை உத்தரத்தில் மாட்டிவிட்டாள். ஆனாலும் சேறு சேறாகவேதான் இருந்தது.

போன வருஷம் சின்னம்மா மகனோடு படகில் போனேன். துடுப்பை அடியில் ஊன்றினான். 'கரக்' என்றது. "காக்கா ஆழிண்ணே" என்றான். கை விட்டு அள்ளியதில் ஒரு கொத்து வந்தது: விரல்நீளக் கரிய சிப்பிகள், ஒன்றோடொன்று நார் நாராகப் பின்னி, நடுவே கறுத்த சகதி. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இனமாம். சரக்கில்லாத கப்பல் ஆடாமலிருக்க நிரப்பிக்கொள்ளும் தண்ணீரில் குஞ்சாக வந்திருக்கும் என்கிறார்கள். உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கிக்கொள்கிறது. ஆற்றடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது. இறால் புதைய இடமில்லை. முன்பு கூடை கூடையாக வாரிய மஞ்சள் ஆழி அதற்கடியில் மூச்சடைத்துப் போகிறது. காக்கா ஆழியை வாத்துத் தீனிக்குத்தான் வாங்குவார்களாம், அதுவும் அடிமாட்டு விலைக்கு. இறாலோடு இதை எப்படி ஒப்பிடுவது?

பழைய இடத்தில் இறங்கிப் பார்க்க ஆசையாக இருந்தது. பழக்கத்தில் செருப்பைக் கழற்றிப் படகில் வைத்தேன்.

"அண்ணே, கால் கீசிடும். போட்டுக்கினே எறங்கு."

எடுத்து மாட்டிக்கொண்டேன்.