ஸ்டவ்வுக்குக் காற்று எங்கிருந்து வரும்?

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஹால், சாப்பிடும் இடம், கிச்சன் மூன்றுக்கும் நடுவே சுவர் கிடையாது. ‘ஓப்பன் பிளான்’ என்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ரசம் தாளித்தால் சோபா வரை பெருங்காய வாசனை வரும். குளிர்காலத்தில் அவ்வளவு பெரிய இடத்தையும் சூடாக்கியாக வேண்டும். கேஸ் பில் ஏறிக்கொண்டே போனதால், அக்கம்பக்கத்து வீடுகளைப் போல நாமும் விறகு ஸ்டவ் வைக்கலாமே என்றார் கணவர்.

எனக்குத் தயக்கம். காரணம், அம்மா. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் முப்பது வருஷம் விறகடுப்பில் சமைத்தவர். ஊதுகுழலும் இருமலுமாகத்தான் சின்ன வயதில் அவரைப் பார்த்திருக்கிறேன். இப்போது இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற முடியாது. அந்த டிசம்பரில் எங்களோடு ஆறு மாதம் தங்க வருவதாக இருந்தார். எந்தப் புகையிலிருந்து தப்பித்தாரோ அதையே ஹாலில் கொண்டுவந்து வைப்பதா?

அதனால் வாங்கும் முன் நிறைய விசாரித்தோம். இன்றைய விறகு ஸ்டவ் நம் அடுப்பைப் போலத் திறந்து கிடப்பதில்லை. கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி அது. விறகிலிருந்து கிளம்பும் புகையின் மேல் சூடான காற்றை இன்னொரு முறை செலுத்தி, அந்தப் புகையையும் எரித்துவிடும். 2022 ஜனவரி 1 முதல் இங்கே விற்பனைக்கு வரும் புதிய ஸ்டவ்கள் ‘ஈகோடிசைன்’ என்ற புகைக் கட்டுப்பாட்டு அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

அடுத்து, எவ்வளவு பெரியது? அறையின் நீள, அகல, உயரத்தை மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் கிடைக்கும் என்பது இங்கே பொதுவான கணக்கு. எங்கள் இடம் 9 மீட்டருக்கு 6 மீட்டர், உயரம் 2.4. கணக்குப்படி 9 கிலோவாட். கடைக்காரரும் அதையே காட்டினார். ஆனால் குளிர் புகாதபடி நன்றாக மூடிக் கட்டிய வீடுகளுக்கு 25-ஆல் வகுப்பார்கள். எங்களுடையது அப்படிப்பட்ட வீடு. அப்படிப் பார்த்தால் 5 கிலோவாட் போதும். தேவைக்கு மேல் பெரிய ஸ்டவ் வாங்கினால் சூடு தாங்காமல் காற்றுத் துவாரத்தைக் குறைக்க வேண்டிவரும். காற்று குறைந்தால் விறகு அரைகுறையாக எரியும். கண்ணாடியில் கரி படியும், புகைபோக்கிக்குள் தார் பிடிக்கும், வெளியே புகையும் கூடும்.

இதையெல்லாம் வீடியோ காலில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். “ஏம்மா, புகை வெளிய போறதுக்குக் குழாய் இருக்கு, சரி. நெருப்புக்குக் காத்து எங்கேருந்து வரும்? நம்ம வீட்டுல கொல்லைக் கதவைச் சாத்தினா அடுப்பு எரியவே எரியாதே!” என்றார்.

கடையில் யாருமே கேட்காத கேள்வி அது. எங்கள் கிச்சன் சிம்னி தாளிப்புப் புகைக்காகவே வாங்கிய சக்தி வாய்ந்த ஃபேன். அது உள்ளிருக்கும் காற்றை இழுத்து வெளியே தள்ளும். சந்து பொந்து இல்லாத வீட்டில் ஈடுகட்டப் புதுக்காற்று வர வழியில்லை. அப்போது ஸ்டவ்வின் புகைபோக்கி வழியாகவே காற்று கீழே இறங்கலாம். அதோடு கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். சுவர் வைத்த வீட்டில் கிச்சன் ஓரிடம், நெருப்பு ஓரிடம். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே காற்று.

அதன்பிறகு தேர்வு சுலபமானது. வெளிச்சுவரிலிருந்து தனிக்குழாய் வழியாக நேராகக் காற்று எடுத்துக்கொள்ளும் 5 கிலோவாட் ஸ்டவ் வாங்கினோம். கிச்சன் சிம்னியை, காற்றை வெளியே தள்ளாமல் கரி ஃபில்டரில் வடிகட்டி உள்ளேயே விடும் வகைக்கு மாற்றினோம். தாளிப்பு வாசனை முன்பைவிடக் கொஞ்ச நேரம் கூடத் தங்குகிறது. தங்கட்டும். பதிவு பெற்ற ஆள் வந்து பொருத்தி, புகை திரும்புகிறதா என்று சோதித்து, கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் மாட்டிவிட்டுப் போனார்.

விறகிலும் கவனம் வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருந்தால்தான் சுத்தமாக எரியும். அளக்க ஒரு சின்ன மீட்டர் வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு அது தேவையில்லை. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி, “கணீர்னு இருக்கு, காஞ்சிடுச்சு” என்பார்.

எத்தனை நல்ல ஸ்டவ் ஆனாலும் நுண்துகள் கொஞ்சமாவது வெளிவரும். பற்றவைக்கும்போதும் கதவைத் திறந்து விறகு போடும்போதும் அறைக்குள்ளும் வரும். அதனால் கேஸ் ஹீட்டிங்கை எடுத்துவிடவில்லை. கடும் குளிர் மாலைகளில் மட்டும் விறகு. பற்றவைத்து நன்றாகப் பிடிக்கும்வரை அம்மா மாடியில் இருப்பார். அவருக்கு மூச்சு இறுக்கமான நாளில் ஸ்டவ்வைத் தொடுவதே இல்லை.

ஊட்டி, கொடைக்கானலில் திறந்த கிச்சனோடு வீடு கட்டுகிறவர்களும், எங்களைப் போலக் குளிர் நாட்டில் இருப்பவர்களும் விறகு ஸ்டவ் பார்க்கப் போனால், விலை கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: கிச்சன் ஃபேன் ஓடும்போது இந்த ஸ்டவ்வுக்குக் காற்று எங்கிருந்து வரும்? பதில் தெளிவாக வராவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.