பாஸ்டில் கல் எங்கே போனது?



பாரிஸிலிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது. ஈபிள் கோபுரப் படம் எங்கே சார் என்று தினமும் கேட்கிறீர்கள். பேத்தியின் போனில் இருக்கிறது, வரும். அதற்கு முன் என் தவறு ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுப்பவர் விடுப்பில் போனால் அந்தப் பாடவேளை என் தலையில்தான் விழும். பிரெஞ்சுப் புரட்சி என்றால் எனக்கும் குஷிதான். ஏதோ ஒரு காலண்டரில் வெட்டிய படத்தை அட்டையில் ஒட்டி வைத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உயரமான தூண், உச்சியில் இறக்கையோடு தங்க நிறச் சிலை. "1789 ஜூலை 14இல் பாஸ்டில் சிறையைத் தகர்த்தவர்களுக்காக அதே இடத்தில் எழுப்பிய தூண்" என்று வருடா வருடம் அடித்துச் சொன்னேன்.

முதலில் அங்கேதான் போக வேண்டும் என்று மகளிடம் அடம்பிடித்தேன். தூணைச் சுற்றிலும் பொன்னெழுத்தில் பெயர்கள். மாப்பிள்ளை பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு தெரியும். அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாமா, இது 1830ஆம் வருஷத்துக்கானது" என்றார். அது வேறு புரட்சி. அந்த ஜூலையில் மூன்று நாள் நடந்த சண்டையில் பத்தாம் சார்லஸ் மன்னர் பதவி இழந்தார். அதில் இறந்தவர்களுக்கான தூண், 1840இல் திறந்தது. அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்துவிட்டது.

இன்னொன்று. தகர்த்த அன்று சிறையில் இருந்த கைதிகள் 7 பேர்தான். நான் நூற்றுக்கணக்கானோர் என்று சொன்னதாக நினைவு. அதையும் அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

சரி, சிறை எங்கே? சதுக்கத்தில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை. கோட்டைச் சுவர் ஓடிய வழியைத் தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டே போவார்கள். கீழே 5ஆம் தட மெட்ரோ நடைமேடையில் அடித்தளச் சுவரில் ஒரு துண்டு தெரிகிறது. அங்கிருந்து சீன் நதிப் பக்கம் நடந்தால் ஒரு சின்னப் பூங்கா. 1899இல் மெட்ரோவுக்குத் தோண்டும்போது கிடைத்த ஒரு கோபுரத்தின் அடிக்கற்களை அங்கே கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். சிறைக் கோபுரத்துக்குப் பெயர் சுதந்திரக் கோபுரம்! பக்கத்து பெஞ்சில் ஒருவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எங்களைத் தவிர அந்தக் கற்களைப் பார்க்க யாரும் வரவில்லை. அதைத் தொட்டபோதுதான் அவன் ஞாபகம் வந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "இடிச்ச கல்லெல்லாம் எங்க சார் போச்சு?" என்று கேட்டவன். அவன் அப்பா கொத்தனார். பரீட்சைக்கு வராததையெல்லாம் கேட்காதே என்று உட்கார வைத்தேன். வகுப்பே சிரித்தது. எனக்கு விடை தெரியாது, அதுதான் விஷயம்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளப்பா. இடிக்கும் வேலையை எடுத்தவர் பலுவா என்ற கட்டட ஒப்பந்தக்காரர். சில கற்களில் குட்டிக் குட்டி பாஸ்டில் செதுக்கி மாவட்டங்களுக்கு அனுப்பினார். சாமர்த்தியசாலி! நிறையக் கற்கள் அப்போது சீன் நதியில் கட்டிக்கொண்டிருந்த பாலத்துக்குப் போயின. 1791இல் முடிந்த அந்தப் பாலம் இன்றும் இருக்கிறது. அதன் ஒரு முனையில்தான் கான்கார்ட் சதுக்கம், 1793 ஜனவரி 21இல் பதினாறாம் லூயியின் தலை விழுந்த இடம். இப்போது நடுவில் எகிப்திலிருந்து வந்த மூவாயிரம் வருடத்துக்கும் பழைய ஒற்றைக்கல் தூண், சுற்றிலும் வண்டிச் சத்தம்.

பாலத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக இரண்டு தடவை நடந்தேன். "போதும்ப்பா, குளிருது" என்றாள் மகள்.

அவன் திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி. எண் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம். பாலத்தின் கைப்பிடிக் கல்லில் கை வைத்து எடுத்த படம் ஒன்றை அவனுக்கென்று வைத்திருக்கிறேன்.