எட்டு பைட் எங்கே போனது?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நெட்வொர்க்கையும் சர்வர்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. கேபிள் டிவி நடத்திவந்த அண்ணன் அதே கம்பங்களில் ஃபைபரை இழுத்து ஆரம்பித்தது. புது ரூட்டர் ஒன்றை மாற்றிய மறுநாள் விநோதமான புகார்கள் வந்தன. யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் போகிறது, ஒரு வங்கியின் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய ரூட்டரின் அமைப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பழையதில் 1452 என்ற எண்ணோடு இருந்த ஒரு வரி புதியதில் இல்லை. அதைச் சேர்த்ததும் தளம் திறந்தது. "தொறந்துடுச்சுல்ல தம்பி, விடு" என்று அண்ணன் அடுத்த ஃபைபர் கட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். எனக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே ஆகவேண்டியிருந்தது.

1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஈதர்நெட் விவரக்குறிப்பின்படி ஒரு ஃபிரேமுக்குள் 1500 பைட் வரை தரவு போகலாம். அதில் ஐ.பி. தலைப்புக்கு 20, டி.சி.பி. தலைப்புக்கு 20 போனால் மிச்சம் 1460. எங்கள் ரூட்டரிலோ 1452. நடுவில் எட்டு பைட்டை யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வங்கித் தளம் திறக்காததற்கும் அந்த எட்டுதான் காரணம். வங்கியின் சர்வர் முழு அளவில், 'இதை உடைக்காதே' என்ற குறியோடு பாக்கெட்டை அனுப்புகிறது. அந்த எட்டு போக எங்கள் வழி அகலம் 1492. ரூட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, 'சின்னதாக அனுப்பு' என்று ஐ.சி.எம்.பி. செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்பும். 1990இல் வகுத்த முறை அது. பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் தங்கள் ஃபயர்வாலில் ஐ.சி.எம்.பி. முழுவதையும் அடைத்துவிடுகிறார்கள். செய்தி போய்ச் சேராததால் சர்வர் அதே பெரிய பாக்கெட்டையே மறுபடி மறுபடி அனுப்புகிறது. முதலில் கைகுலுக்கும் சிறிய பாக்கெட்டுகள் தடையில்லாமல் போய்விடுவதால் இணைப்பு கிடைத்ததுபோலத் தெரியும். பக்கம் மட்டும் வராது. இணைப்பு தொடங்கும்போதே 'எனக்கு 1452க்கு மேல் வேண்டாம்' என்று வாடிக்கையாளர் சார்பில் சொல்லிவிடுவதுதான் அந்த ஒரு வரியின் வேலை.

எட்டு பைட்டை எடுப்பது யார் என்று பார்க்க, ஒரு வீட்டு பாக்ஸிலிருந்து வரும் பாக்கெட்டுகளைப் பிடித்து வயர்ஷார்க்கில் திறந்தேன். பாக்ஸுக்கு மின்சாரம் வந்ததும் அது முதலில் செய்வது கூவுவது: 'இங்கே சர்வர் யாராவது இருக்கிறீர்களா?' அதன் பெயர் பேடி. எங்கள் சர்வர் 'நான் இருக்கிறேன்' என்று பேடோ அனுப்புகிறது. 'சரி, என்னைச் சேர்த்துக்கொள்' என்று பேடார், 'இந்தா உன் செஷன் எண்' என்று பேட்ஸ். அதன் பிறகே யூசர்நேம், பாஸ்வேர்டு. இந்தப் பேச்சுக்குத்தான் பி.பி.பி.ஓ.இ. என்று பெயர். நாங்கள் தினமும் நூறு தடவை சொல்லும் வார்த்தை. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

இணைய நெறிமுறைகள் ஆர்.எஃப்.சி. என்ற பெயரில் எண்ணிடப்பட்ட ஆவணங்களாக இலவசமாகக் கிடைப்பது என் போன்றவர்களுக்குப் பெரிய கொடை. பி.பி.பி.ஓ.இ.யுடையது ஆர்.எஃப்.சி. 2516, 1999 பிப்ரவரி. யுயுநெட், ரெட்பேக், ரௌட்டர்வேர் ஆகிய நிறுவனங்களின் பொறியாளர்கள் எழுதியது. டயல்-அப் போய் டி.எஸ்.எல். வந்துகொண்டிருந்த நேரம். ஒரே மோடத்துக்குப் பின்னால் பல கணினிகள் வரவேண்டும். அதே சமயம் டயல்-அப்பில் இருந்ததுபோல யார் உள்ளே வருகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார், யாருக்கு பில் என்பதும் கையில் இருக்கவேண்டும். ஆவணம் தன் நோக்கமாகச் சொல்வது அதைத்தான்.

தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். டயல்-அப்பில் அழைப்பு என்று ஒன்று இருந்தது. மணி அடித்தால் ஆள் வந்தார், போனை வைத்தால் போனார். கணக்கு தானாக வந்துவிடும். ஈதர்நெட்டில் எடுப்பதும் இல்லை, வைப்பதும் இல்லை. கம்பி சும்மா கிடக்கிறது. அந்த அழைப்பைச் செயற்கையாக உண்டாக்கியதுதான் பி.பி.பி.ஓ.இ. பேடி என்பது மணி. பேடிட் என்ற கடைசிச் செய்தி போனை வைப்பது. வீட்டில் கரண்ட் போய்ச் சொல்லாமல் அணைந்துவிட்டால்? அதற்கும் சில நொடிகளுக்கு ஒருமுறை 'இருக்கிறாயா?' என்று கேட்கும் எக்கோ உண்டு.

எட்டு பைட்டையும் பிரித்துப் பார்த்தேன். பதிப்பும் வகையும் ஒரு பைட், செய்தியின் வகைக்கு ஒன்று, செஷன் எண்ணுக்கு இரண்டு, நீளத்துக்கு இரண்டு. ஆக ஆறு. நீளம் எதற்கு என்று முதலில் புரியவில்லை. ஈதர்நெட்டில் 46 பைட்டுக்குக் குறைந்த தரவை வெற்று பைட்டுகளால் நிரப்பியே அனுப்பவேண்டும். உண்மையான தரவு எதுவரை என்று யாராவது சொல்லியாகவேண்டும். மிச்சம் இரண்டு பைட் இதைவிடப் பழையது. அது பி.பி.பி.ஓ.இ.யின் பெயருக்குள்ளேயே இருக்கும் பி.பி.பி. என்ற நெறிமுறையிலிருந்து வருகிறது.

அந்த இரண்டைத் தொடர்ந்தபோது 1984க்குப் போய்ச் சேர்ந்தேன். ரிக் ஆடம்ஸ் என்பவர் அந்த ஆண்டுவாக்கில் சீரியல் கம்பிவழியே ஐ.பி. பாக்கெட்டுகளை அனுப்பும் ஸ்லிப் முறையை 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸுக்கும் சன் கணினிகளுக்கும் எழுதினார். 1988 ஜூனில் அதை ஆவணப்படுத்திய ஆர்.எஃப்.சி. 1055, தலைப்பிலேயே இது தரமுறை அல்ல என்று சொல்லிவிட்டு, குறைகளையும் தானே பட்டியலிடுகிறது. உள்ளே போவது எந்த வகைத் தரவு என்று சொல்ல ஸ்லிப்பில் இடமே இல்லை. இரண்டு பக்கமும் மற்றவரின் முகவரி முன்பே தெரிந்திருக்கவேண்டும். இவற்றைத் தீர்க்க வந்த பி.பி.பி. தரவின் வகையைச் சொல்ல ஒதுக்கியதுதான் அந்த இரண்டு பைட். எங்கள் ஊர் ஃபைபரில் இன்றும் ஒவ்வொரு பாக்கெட்டோடும் அது போய்க்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஸ்லிப்பை எழுதிய அதே ரிக் ஆடம்ஸ்தான் 1987இல் யூஸ்நிக்ஸ் சங்கத்தின் பண ஆதரவோடு யுயுநெட்டைத் தொடங்கியவர். உலகின் முதல் வணிக இணைய நிறுவனங்களில் ஒன்று அது. லாப நோக்கமற்ற சிறு சேவையாக ஆரம்பித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே யுயுநெட்டின் பொறியாளர்கள் பி.பி.பி.ஓ.இ.யை எழுதினார்கள். தொலைபேசிக் கம்பியில் ஆளைச் சேர்த்து, எண்ணி, அனுப்பிப் பழகியவர்களின் கைவேலை இது. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

எண்ணும் வேலையைச் செய்யும் ரேடியஸ் சர்வரின் கதையும் இதே தெருவில்தான் இருக்கிறது. மிச்சிகனில் மெரிட் என்ற லாப நோக்கமற்ற வலையமைப்பு 1991இல் டயல்-அப் நுழைவுக்கு ஒரு பொது முறை தேடியது. கலிஃபோர்னியாவின் லிவிங்ஸ்டன் நிறுவனம் பதில் சொன்னது. அங்கே பிறந்தது ரேடியஸ். அவர்கள் பயன்படுத்திய 1645 என்ற போர்ட் எண் ஏற்கெனவே வேறொரு சேவைக்குப் பதிவானதாக இருந்ததால் பிறகு 1812க்கு மாறினார்கள். இன்றும் சில கருவிகளில் பழைய எண்ணே எட்டிப் பார்க்கும்.

தரவுக் கணக்குக்கு அவர்கள் கொடுத்த இடம் 32 பிட், அதாவது 4 ஜி.பி. வரை. 56 கே மோடத்தில் ஒருவர் விடாமல் ஏழு நாள் இறக்கினால்தான் அது நிரம்பும். 100 எம்.பி.பி.எஸ். ஃபைபரில் ஆறு நிமிடம்கூட ஆகாது. நிரம்பினால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். எத்தனை முறை நிரம்பியது என்று சொல்லும் 'கிகாவேர்ட்ஸ்' புலத்தைப் பின்னால் சேர்த்தார்கள். எங்கள் பில்லிங் மென்பொருள் ஒன்று அதைப் படிக்காமல் விட்டதால், இரவெல்லாம் படம் பார்த்த வீடு மாதம் 3 ஜி.பி. மட்டும் பயன்படுத்தியதாகக் காட்டியது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, யூசர்நேம் இல்லாமல் எந்த போர்ட்டிலிருந்து வருகிறார் என்பதை வைத்தே ஆளை அடையாளம் காணும் முறைக்கு மாறலாமே என்று கருவி விற்க வருபவர்கள் சொல்கிறார்கள். எட்டு பைட் மிச்சம். ரூட்டருக்கும் சுமை குறையும். உண்மைதான். ஆனால் எனக்கு 2018 நவம்பர் நினைவிருக்கிறது. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் கம்பங்களைச் சாய்த்துப்போட்டது. ஒரு கிராமத்து வீடுகளின் ஃபைபரெல்லாம் வந்து சேரும் கருவியான ஓ.எல்.டி.க்குக் கரண்டே இல்லை. அங்கிருந்த வீடுகளை, ஜெனரேட்டர் ஓடிய இன்னொரு ஊரின் ஓ.எல்.டி.யில் கிடைத்த போர்ட்டிலெல்லாம் ஸ்ப்ளைசிங் போட்டுச் சேர்த்தார்கள் எங்கள் பையன்கள். எந்த இழை யாருடையது என்று எழுதி வைக்க அப்போது யாருக்கும் நேரமில்லை. ஒவ்வொரு பாக்ஸும் எழுந்து, 'இங்கே யாராவது இருக்கிறீர்களா?' என்று கூவியது. இரண்டு ஊருக்கும் ஒரே சர்வர் என்பதால் பதில் கிடைத்தது. பெயரைச் சொன்னார்கள், உள்ளே வந்தார்கள். சர்வரில் நான் ஒரு வரிகூட மாற்றவில்லை. போர்ட்டை நம்பியிருந்தால் அத்தனை வீட்டையும் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியிருக்கவேண்டும். ஆள் பலமும் பணமும் இல்லாத சிறிய நிறுவனத்துக்கு எட்டு பைட் கொடுத்து இதை வாங்குவது நல்ல வியாபாரம் என்பேன்.

எட்டைத் திரும்பப் பெறவும் 2006இல் ஒரு வழி எழுதியிருக்கிறார்கள், ஆர்.எஃப்.சி. 4638. கீழே ஓடும் ஈதர்நெட் 1508 பைட்டைத் தாங்குமானால், பேடி கூவும்போதே 'எனக்கு 1500 முழுதாக வேண்டும்' என்று பாக்ஸ் கேட்கலாம். எங்கள் ஓ.எல்.டி.களில் இரண்டில் அதை அமைத்துப் பார்த்தோம். புது பாக்ஸ்கள் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. கேட்கத் தெரியாத பழையவை 1492இலேயே தொடர்கின்றன. வீட்டில் யாரும் எதையும் தொடவேண்டியதில்லை. மற்ற ஓ.எல்.டி.களுக்கும் மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிடலாம் என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன்.