கடைசி வரிசையை மிச்சம் வை, கண்ணு!

மதுரையில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு, கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் குன்னூர் குளிர் பழகவில்லை. இப்போது ஆறாம் மாதக் கர்ப்பம். ‘அலையக் கூடாது, படியேறக் கூடாது’ என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அக்டோபர் மழையில் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனார்.

போன வருடம் நான்காம் மாதத்தில் கரு கலைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த குட்டிச் சட்டைகளும் தொப்பியும் அலமாரியில் இல்லை. “பொறக்கறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கி வைக்கக் கூடாதுன்னு அப்பவே சொன்னேன்” என்று மாமியார் ஒரே ஒரு முறை சொன்னார். மருமகளால் அதை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு மாத்திரை, சாப்பாடு, பால் கணக்கு தவிர இருவருக்குள்ளும் பேச்சு குறைந்துபோனது.

அதனால் இந்த முறை எதுவும் வாங்கவில்லை. கணவரிடம் சொல்லி கிரீம் நிற உல்லன் நூலும், 5 மி.மீ. குரோஷா ஊசியும் மட்டும் வரவழைத்தார். “யாருக்கு?” என்று மாமியார் கேட்டார்.

“சும்மா பொழுதுபோக்குக்கு. குளிர்ல உங்க முழங்காலுக்குப் போத்திக்கலாம் அத்தை.”

மாமியார் பதில் சொல்லவில்லை.

செல்போனில் வீடியோக்களைப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்தது ‘லெமன் பீல்’ பின்னல். எலுமிச்சைத் தோல் மாதிரி பொரிப்பொரியாக இருப்பதால் இந்தப் பெயர். பெரிய ஓட்டைகள் விழாது, சின்ன விரல்கள் மாட்டிக்கொள்ளாது. அந்தக் காரணத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

போடுவது எப்படி?

தெரிந்திருக்க வேண்டியது இரண்டே தையல்கள்தான். குட்டையானது சிங்கிள் குரோஷே: ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்துவிட வேண்டும். உயரமானது டபுள் குரோஷே: முதலிலேயே ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு நுழைக்க வேண்டும். இழுத்ததும் மூன்று கண்ணிகள் இருக்கும். நூலைச் சுற்றி இரண்டின் வழியாக ஒருமுறை, மறுபடி சுற்றி மீதி இரண்டின் வழியாக ஒருமுறை இழுத்தால் முடிந்தது.

100 தையல் அகலத்துக்கு 101 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஆரம்பிக்க வேண்டும். ஒரு குட்டை, ஒரு நெட்டை என்று மாறி மாறிப் போட்டால் வரிசை நெட்டையில் முடியும். ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, நெட்டையின் மேல் குட்டை, குட்டையின் மேல் நெட்டை. எல்லா வரிசைக்கும் இதேதான். இரண்டு குட்டைகளுக்கு நடுவில் நெருக்கப்படும் நெட்டை, இடமில்லாமல் மேலே புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்புதான் எலுமிச்சைத் தோல்.

நான்காவது வரிசை போட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. “நீ போடறது டபுள் இல்ல, ட்ரெபிள்.”

“வீடியோவுல டபுள்னுதான் சொல்றாங்க” என்ற மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதிலுமா குற்றம் கண்டுபிடிக்க வேண்டும்?

மாமியார் பள்ளியில் கன்னியாஸ்திரிகளிடம் குரோஷா கற்றவர். விரல் மூட்டுகள் வீங்கி ஊசியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. மறுநாள் அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது, பழைய பின்னல் புத்தகத்தைத் தேடி மருமகள் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். இங்கிலாந்தில் அச்சான புத்தகம் அது. அதே படத்தின் கீழே ட்ரெபிள் என்றுதான் இருந்தது. அமெரிக்காவில் சிங்கிள் என்பது பிரிட்டனில் டபுள், அமெரிக்காவில் டபுள் என்பது அங்கே ட்ரெபிள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

புத்தகத்துக்குக் கீழே வெள்ளைத் துணியில் ஒரு மூட்டை. அவிழ்த்துப் பார்த்தார். துவைத்து, மடித்து, நாப்தலின் உருண்டை போட்டு வைத்த அந்தக் குட்டிச் சட்டைகள். தொப்பியும் இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். மூட்டையை இருந்தபடியே கட்டி வைத்தார். புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை, “நீங்க சொன்னதும் சரிதான் அத்தை” என்று புத்தகத்தைக் காட்டினார். மாமியார் போர்வையை வாங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நவம்பரில் ஒருநாள் மாமியாரின் கண்ணில் ஒன்று பட்டது. “மேட்டு மேல மேடு வருது, பாரு.” எண்ணிப் பார்த்தால் 99 தையல்கள். எங்கோ ஒரு வரிசையின் கடைசித் தையல் விட்டுப்போயிருந்தது. அதற்குப் பிறகு குட்டை மேல் குட்டை, நெட்டை மேல் நெட்டை என்றே பன்னிரண்டு வரிசைகள் போயிருந்தன. வரிசை குட்டையில் முடிந்தபோதே கவனித்திருக்க வேண்டும்.

மருமகள் ஊசியை வைத்துவிட்டார். “இத்தனை நாள் போட்டதெல்லாம் வீணா?”

“பிரிச்சுடு. குரோஷாவுல ஊசில நிக்கறது ஒரே ஒரு கண்ணிதான். இழுத்தா தப்பு பண்ணின இடம் வரைக்கும் வரும், அங்க நிறுத்திக்கலாம். நூல் எங்கயும் போயிடாது கண்ணு.” கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்: “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

மருமகள் நூலை இழுக்க, மாமியார் பந்தாகச் சுற்றிக்கொண்டே வந்தார்.

ஜனவரி முதல் வாரம். காலையில் புல் மேல் உறைபனி. போர்வைக்குப் பாக்கி ஒரே வரிசை. மாமியார் கையை நீட்டித் தடுத்தார். “கடைசி வரிசையை மிச்சம் வை. முடிச்சாத்தானே குழந்தைக்குச் செஞ்சு வெச்ச மாதிரி ஆகும்?”

யாருக்கு அந்தப் போர்வை என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. மருமகள் சிரித்துவிட்டார். நின்றிருந்த அந்த ஒற்றைக் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டி மடித்து வைத்தார்கள்.

மூன்றாவது வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாமியார் ஊக்கைக் கழற்றினார். வீங்கிய விரல்களோடு, நடுநடுவே கையை உதறிக்கொண்டு, 100 தையல்களைப் போட்டு முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வரிசை நெட்டையில்தான் முடிந்தது. நூலை வெட்டி, கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்தார்.

உள்ளே போகும்போது போர்வையோடு ஒரு வெள்ளைத் துணி மூட்டையும் கையில் இருந்தது.