இரண்டு நாளில் ஓர் ஊர்

சுற்றுலா என்னும் சொல் நம் மொழியில் பிற்காலத்தில் எழுந்தது. அதனுள் அடங்கிய உலா என்பது மட்டும் பழமை உடையது. உலா இலக்கியங்களில் தலைவன் வீதியில் பவனி வருவான். ஊரார் நின்று காண்பர். இக்காலத்தில் ஊர் நிற்கிறது. நாம் அதன்முன் பவனி போகிறோம். போகிற விரைவில் எதைக் காண்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதே பயணியின் முதல் இடர்ப்பாடு. ஈசூனில் உள்ள எங்கள் இல்லத்தில் திருச்சிராப்பள்ளிக்கு ஒரு வார இறுதிப் பயணம் திட்டமிட்டபொழுது அவ்விடர்ப்பாட்டை நான் நன்கு உணர்ந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி வானூர்தியில் ஏறத்தாழ நான்கு மணிநேரப் பயணம். இந்திய நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. வெள்ளி இரவு எட்டு மணிக்குப் புறப்படுபவர் அவ்வூர்க் கடிகாரப்படி ஒன்பதரை மணியளவில் இறங்கிவிடலாம். போகும்போது ஈட்டிய நேரத்தைத் திரும்பும்போது இழக்க நேரும் என்பதையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

பயணம் உறுதியானதும் வீட்டில் ஆளுக்கொரு பட்டியல் எழுந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைக் காணாமல் வருவதா என்றான் உயர்நிலைப் பள்ளியில் பயிலும் என் மகன். 1010 ஆம் ஆண்டில் இராசராசன் எழுப்பிய அக்கோயிலைப் பற்றி அவன் வகுப்பில் படித்திருந்தான். சமயபுரம் செல்ல வேண்டும் என்றார் என் மனைவி. தேக்காவிற்குச் சென்று உறவினர்க்கெல்லாம் கோடாலித் தைலம் வாங்கி வந்தவரும் அவரே. அத்தைலத்தை உரியவர்களிடம் சேர்க்க ஐந்து வீடுகளுக்குச் செல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஆறு நாளுக்கான வேலை இரண்டு நாளில் அடங்கி நின்றது.

என் தாயார் மட்டும் எதுவும் கேட்கவில்லை. திருவரங்கத்தில் பிறந்து, செம்பவாங் கடற்படைத் தளத்தில் பணிபுரிந்த என் தந்தையாரை மணந்து, 1960களில் இங்கு வந்தவர் அவர். இப்பொழுது அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இடையில் இருமுறை ஊர் சென்றார். இரண்டும் பங்குனி, சித்திரை மாதங்களில் அமைந்தன. நெடுங்காலம் நிறைவுறாமல் மொட்டைக் கோபுரமாக நின்று, 1987 இல் 236 அடி உயரத்தில் 13 நிலைகளுடன் முற்றுப்பெற்ற இராசகோபுரத்தை அவர் அப்பயணங்களில் கண்டு மகிழ்ந்தார். காவிரியில் மட்டும் மணலே கிடந்தது. அவர் கருத்தை நான் வற்புறுத்திக் கேட்டபொழுது, “கோபுரம் எங்கும் போய்விடாது, அப்பா. ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாளாகப் பார்த்துச் சொல், நான் வருகிறேன்” என்றார்.

அச்சொல்லுக்குப் பின் எங்கள் திட்டம் தலைகீழாக மாறியது. எந்த இடம் என்ற வினா பின்தங்கி, எந்த நாள் என்ற வினா முன்வந்தது. ஈசூனில் வளரும் பிள்ளைக்கு இவ்வினா புதுமையானது. அவன் நாள்தோறும் காணும் கீழ்ச் சிலேத்தார் நீர்த்தேக்கம், ஆற்றின் முகத்துவாரத்தை அணையிட்டு 1986 இல் அமைக்கப்பட்டது. தண்ணீர் என்றும் அங்கேயே நிற்கும். காவிரியோ மேட்டூர் அணை திறந்தால்தான் திருச்சியில் பெருகி ஓடும். 1934 இல் திறக்கப்பட்ட அவ்வணையிலிருந்து ஆண்டுதோறும் சூன் 12 முதல் சனவரி 28 வரை பாசனத்திற்கு நீர் விடுவது வழக்கம். அதுவும் இருப்பைப் பொறுத்தது. 2022 இல் மே 24 ஆம் நாளே திறந்தனர். 2024 இல் நீர் போதாமையால் சூலை 28 வரை காத்திருந்தனர்.

இவற்றை மகனும் நானும் சிங்கப்பூர் நாட்காட்டியோடு ஒப்பிட்டோம். மார்ச் விடுமுறையில் ஆறு வறண்டிருக்கும். சூன் விடுமுறை ஐயத்திற்கு இடமானது. தேசிய தினத்தை ஒட்டிய வார இறுதியே தக்கதெனத் தோன்றியது. 2026 இல் ஆகஸ்டு 9 ஞாயிற்றுக்கிழமை ஆதலால், மறுநாள் திங்களும் விடுமுறை. ஆடிப்பெருக்கு முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். 2024 ஐப் போல் அணை தாமதமாகத் திறந்தாலும் அதற்குள் நீர் வந்து சேர்ந்துவிடும். அணை நிரம்பி உபரி நீர் வெளியேறும் நாள்களில் படித்துறையில் இறங்கத் தடை விதிப்பதும் உண்டு. அந்நிலையில் கரையில் நின்றேனும் காணலாம்.

நாள் அமைந்தபின் இடங்கள் தாமே ஒழுங்குபட்டன. கோயில்கள் நண்பகலுக்குப்பின் நடை சாத்துவதால், சனிக்கிழமை காலையில் திருவரங்கம். அங்கிருந்து, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட அதே தீவில் உள்ள திருவானைக்காவுக்கு உச்சிக்கால வழிபாட்டு வேளையில் செல்லலாம். அர்ச்சகர் சேலை உடுத்தி அம்மை வடிவில் வந்து ஈசனை வழிபடும் வழக்கம் அங்கு உண்டு. ஞாயிறு காலையில் மலைக்கோட்டை. மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகையை மகன் ஏறிக் காண்பான். தாயாரும் மனைவியும் அடிவாரத்து மாணிக்க விநாயகர் சன்னதியில் அமர்ந்திருப்பர். தஞ்சையை விட்டோம், சமயபுரத்தை விட்டோம். ஐந்து வீட்டாரையும் சனிக்கிழமை மாலை ஒரே வீட்டிற்கு வரச் சொன்னோம். தஞ்சையை நீக்குகையில் மகன் முகம் வாடியது உண்மை. கல்லணைக்குப் போகலாமா என்று அவன் கேட்டபொழுது, அதற்கும் பாட்டியின் விருப்பத்தைக் கேட்குமாறு கூறினேன்.

பாட்டியும் பேரனும் பேசி ஞாயிறு மாலையை ஒதுக்கினர். பட்டியலில் அவ்வேளைக்கு நேரே மகன் தன் கையால், “அம்மா மண்டபம் படித்துறை, இருட்டும் வரை” என்று எழுதினான். அதன்பின் அவன் மேட்டூர் நீர்மட்டத்தை நாள்தோறும் தமிழ்ச் செய்தியில் தேடிப் படிக்கத் தொடங்கினான். நூறடி, நூற்றுப்பத்தடி, முழுக்கொள்ளளவாகிய நூற்றிருபதடி என்று பாட்டியிடம் சென்று ஒப்பிப்பதும் அவன் கடமையாயிற்று. பாடநூலில் காவிரியைப் பலமுறை கற்பித்திருக்கிறேன். அவன் இத்துணை ஆர்வத்தோடு கேட்டதில்லை. ஓர் ஊருக்குச் செல்லுமுன் அவ்வூரில் பிறந்த முதியவர் ஒருவரை அருகிருத்தி, அவர் எதைத் தேடுகிறார் என்று மாணவர்கள் கேட்டறிதல் நன்று. வழிகாட்டி நூல்களில் கிடைக்காத ஒரு பட்டியல் அவரிடம் இருக்கும்; பெரும்பாலும் அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்.